குரலை உயர்த்தாத ஒரு சென்ட்

சில சென்ட்டுகள் ஆள் வருவதற்கு முன்பே வந்துவிடும். லிஃப்ட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் முன்பு அதில் யார் போனார் என்று சொல்லிவிடலாம். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பவர் பூசியது கடைசி வரிசை வரை எட்டும். அந்த வகைக்கும் ஒரு அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பதிவு அதற்கு நேரெதிரான ஒன்றைப் பற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால்தான் "ஏதோ நல்ல வாசனை வருகிறதே" என்று தோன்றவைக்கும் சென்ட். எர்மெஸ் நிறுவனம் 2005ல் வெளியிட்ட 'அன் ஜார்தான் சுர் லெ நீல்'. நைல் நதியின் மேல் ஒரு தோட்டம் என்று அர்த்தம். பெயர் நீளம் என்பதால் இனிமேல் 'நீல்' என்று மட்டும் சொல்கிறேன்.

ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது என்று சொல்லியே விற்கப்படும் சென்ட் இது. எர்மெஸ் என்றதும் பலருக்குக் கைப்பைகள் ஞாபகம் வரும். 1837ல் பாரிஸில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். அதன் முதல் சென்ட் 1951ல்தான் வந்தது. தோல் வேலைக்காரர்களின் நிறுவனம் என்பதாலோ என்னவோ, அவர்களுடைய நல்ல சென்ட்டுகளில் தையல் வெளியே தெரியாது. நீல் அதற்குச் சரியான உதாரணம்.

சென்ட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் என்னென்ன வாசனைகள் இருக்கின்றன என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல் தேவைதான், நானும் போடப்போகிறேன். ஆனால் ஒரு சென்ட்டைப் புரிந்துகொள்ள நான் நம்புவது வேறு ஒரு கேள்வியை: இதைப் பூசிக்கொண்டு ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால், அவர் எப்படிப்பட்ட ஆளாக இருப்பார்? நல்ல சென்ட் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். நீல் எனக்குக் காட்டும் ஆளை நான் நேசிக்கிறேன். அவரைப் போல ஆக வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். அதனால்தான் இத்தனை நீளப் பதிவு.

அஸ்வானில் தொங்கிய மாங்காய்

இந்த சென்ட் பிறந்த கதை ஊரறிந்தது. சாண்ட்லர் பர் என்ற அமெரிக்க எழுத்தாளர் இது உருவாகும்போது கூடவே இருந்து பார்த்து, 2005ல் நியூயார்க்கர் பத்திரிகையில் நீண்ட கட்டுரையாக எழுதினார். பின்பு 2008ல் அதை விரித்து 'தி பெர்ஃபெக்ட் சென்ட்' என்று புத்தகமாகவும் போட்டார். ஒரு சென்ட் பாட்டிலுக்குள் போவதற்கு முன்னால் எத்தனை சந்தேகம், எத்தனை வாக்குவாதம், எத்தனை திருத்தம் என்பதை வெளியாட்கள் விவரமாகத் தெரிந்துகொண்டது அதன் மூலம்தான்.

எர்மெஸ் ஆண்டுக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள நிறுவனம். நதியைக் கருவாக வைத்து ஒரு சென்ட் வேண்டும் என்று முடிவானது. நிறுவனத்தின் சென்ட் பிரிவுக்குத் தலைவராக இருந்த வெரோனிக் கோத்தியேயும், அப்போதுதான் அங்கே வேலைக்கு வந்திருந்த பெர்ஃப்யூமர் ழான் கிளோத் எலெனாவும் எகிப்தின் தெற்கே அஸ்வானுக்குப் போனார்கள்.

எகிப்து என்றால் என்ன எதிர்பார்ப்போம்? மல்லிகை, சாம்பிராணிப் புகை, கடைத்தெருவின் மசாலா நெடி. எலெனா அத்தனையையும் முகர்ந்து பார்த்தார். எல்லாமே ஏற்கெனவே ஆயிரம் பேர் தொட்டுப் பார்த்த எகிப்து. நதியில் கிடக்கும் தீவு ஒன்றின் தோட்டத்தில் நடக்கும்போதுதான் கிளையில் பச்சை மாங்காய்கள் தொங்குவதைப் பார்த்தார். முகர்ந்ததும் சென்ட்டின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. எகிப்தைப் பற்றிய ஒரு பாரிஸ் சென்ட், பிரமிடையும் ஒட்டகத்தையும் விட்டுவிட்டு, ஒரு காயைப் பிடித்துக்கொண்டது.

அந்த மாமரம் எகிப்துக்குப் போன வழியில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1882ல் பிரிட்டிஷ்காரர்கள் எகிப்தைப் பிடித்தபோது எதிர்த்து நின்றவர் அகமது ஒராபி. தோற்றபின் அவரை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்து 1901ல்தான் ஊர் திரும்பினார். அவர் கொண்டுபோன மாமரங்களால்தான் எகிப்தில் மாம்பழம் பரவியது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, எகிப்தில் விளையும் மாம்பழ வகைகளில் ஒன்றுக்கு 'ஹிந்தி' என்று பெயர் இருப்பது உண்மை. ஆகவே இந்த சென்ட்டின் நடுவில் இருப்பது தெற்காசியாவிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு காய். இதை முகரும்போது பாரிஸ்காரருக்கு அது அயல்நாட்டு வாசனை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கிளிமூக்கு மாங்காய் தின்று வளர்ந்தவருக்கு அது அடையாளம் தெரிந்த வாசனை. இந்த ஒரு விஷயத்தில் நம் மூக்குக்கு அனுகூலம் அதிகம்.

மாங்காய் எசன்ஸ் என்று ஒன்று கிடையாது

ரோஜாவிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். மல்லிகையிலிருந்து எடுக்கலாம், சந்தனக்கட்டையிலிருந்து எடுக்கலாம். பச்சை மாங்காயிலிருந்து சென்ட்டுக்குப் பயன்படும் எண்ணெய் எடுத்துக் கடையில் விற்பதில்லை. அந்த வாசனை வேண்டுமானால் வேறு பொருட்களைச் சேர்த்துக் கட்டியெழுப்ப வேண்டும். எலெனாவின் திறமை முழுதாக வெளிப்படும் இடம் இது.

எலெனா 1947ல் பிரான்ஸின் தெற்கில் உள்ள கிராஸ் ஊரில் பிறந்தவர். சென்ட் தொழிலே உயிராக இருந்த ஊர், அப்பாவும் அதே தொழில். பதின்வயதிலேயே வாசனைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1976ல் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் நகை நிறுவனத்துக்காக 'ஃபர்ஸ்ட்' என்ற சென்ட்டைச் செய்தார். அது நிறைய பொருட்கள் போட்ட, பகட்டான சென்ட். அதன்பின் அவர் போன திசை முற்றிலும் வேறு. ஒரு பெர்ஃப்யூமர் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலப்பொருட்கள் இருப்பது வழக்கம். எலெனா அதைச் சுமார் இருநூறாகக் குறைத்துக்கொண்டார். நல்ல சமையல்காரர் ஐந்தே சாமானில் ரசம் வைப்பது போன்ற தைரியம் அது.

அவர் செய்து காட்டும் வித்தை ஒன்று பிரபலம். இரண்டு காகிதப் பட்டைகள். ஒன்றில் வெனிலின், அதாவது வெனிலாவின் மணப்பொருள். இன்னொன்றில் ஐசோபியூட்டைல் ஃபீனைல்அசிட்டேட் என்ற ரசாயனம். தனித்தனியாக முகர்ந்தால் ஒன்று வெனிலா, மற்றது தேனை நினைவூட்டும் ஒரு மணம். இரண்டு பட்டையையும் ஒன்றாகச் சேர்த்து மூக்குக்கு முன்னால் விசிறினால் சாக்லேட். சாக்லேட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான மணப்பொருட்களில் இரண்டே இரண்டைப் போட்டு, மீதியை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்ள விட்டுவிடுகிறார். எல்லாவற்றையும் தானே சொல்லிவிடாமல், முகர்பவர் மேல் நம்பிக்கை வைக்கும் வேலை அது. அந்த நம்பிக்கைதான் அவருடைய சென்ட்டுகளின் குணம் என்று நான் நினைக்கிறேன்.

மாங்காயையும் அப்படித்தான் கட்டினார். அஸ்வான் மாங்காயில் அவருக்குத் தெரிந்தது கிரேப்ஃப்ரூட், கேரட், ஆரஞ்சுத் தோல், பிசின். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் ஒரு மாங்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பைக் கிள்ளினால் பால் பீய்ச்சும். தோலில் பட்டால் அரிக்கும், சிலருக்குப் புண்ணாகிவிடும். அந்தப் பாலில் டெர்பீன் என்னும் மணப்பொருட்கள் நிறைய. பைன் மரப் பிசினிலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலும் இருப்பது இதே வகைதான். காயை நறுக்கினால் ஒரு பச்சை வாசம், புல் வெட்டிய இடத்தில் வருவது போல. கொஞ்சம் கிட்டே போனால் மூக்கைச் சுருக்கவைக்கும் கந்தகச் சாயல், கிரேப்ஃப்ரூட்டில் இருப்பதும் அதுவே. கொட்டைப் பக்கம் போனால் கேரட்டின் மண் கலந்த இனிப்பு. மாங்காய் வாசனை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள். எலெனா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

தோலில் என்ன நடக்கிறது

பாட்டில் அடிப்பக்கம் பச்சை அடர்ந்து, மேலே வரவர வெளிறிப்போகும் கண்ணாடி. குளித்துத் துவட்டியபின் மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டேன் என்று வையுங்கள்.

முதலில் வருவது புளிப்பு. கிரேப்ஃப்ரூட் வெட்டிய வாசனை, உடனே பின்னாலேயே மாங்காய். பழுத்த மாம்பழம் துளிகூட இல்லை. மாம்பழ ஜூஸ் வாசனையை எதிர்பார்த்து முகர்கிறவர்கள் முதல் நிமிடத்திலேயே ஏமாந்துபோவார்கள். இது கெட்டிக் காய், பல் கூசும் காய். அதோடு ஒரு காய்கறித் தோட்டத்து வாசம் சேர்ந்து வரும். தக்காளிச் செடியின் இலையைத் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்தால் ஒரு பச்சை நெடி வருமே, அந்தக் குடும்பம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆனால் பத்து இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது. எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிவிடும், அது இயற்கை.

அதன்பின் தண்ணீர் வருகிறது. இதை எப்படிச் சொல்வது? தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது பூவின் வாசனையும் தண்ணீரின் வாசனையும் பிரிக்க முடியாமல் வரும். எர்மெஸ் இதைத் தாமரை என்று சொல்கிறது. கூடவே கரையோர நாணல். இங்கே இனிப்பு உண்டு, ஆனால் நாக்கில் ஒட்டாத இனிப்பு. பூ இருக்கிறது, ஆனால் தலை நிறைய வைத்த பூ இல்லை.

ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போனபின் அடியில் இருந்தவை மேலே வருகின்றன. அத்திமர இனத்தைச் சேர்ந்த சிக்கமோர் மரத்தின் காய்ந்த கட்டை வாசம். குந்திரிக்கம் எரிந்து அணைந்தபின் அறையில் மிஞ்சும் லேசான புகைச்சாயல். கடைசியாகக் கஸ்தூரி வகை மணப்பொருள். துவைத்துக் காயவைத்த துணியை மடித்து வைக்கும்போது வருமே, அந்த அளவு. அதன்பிறகு மணிக்கட்டை மூக்கோடு ஒட்டவைத்தால்தான் தெரியும்.

இதைப் பூசியவர் எப்படிப்பட்டவர்?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

நீல் பூசியவர் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். எல்லோரும் பேசும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதுவரை யாரும் தொடாத இடத்தைத் தொடுவதாக அது இருக்கும். அவர் வீட்டில் சாமான்கள் குறைவு. இருப்பவை நல்லவை, வெகுநாளாக இருப்பவை. உடுப்பு பருத்தி, பழையது, நன்றாக இஸ்திரி போட்டது. வெளியூர் போனால் பார்க்க வேண்டிய பத்து இடங்களில் ஏழை விட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் அரைநாள் இருந்துவிட்டு வருவார். அந்த மரத்தைப் பற்றி அப்புறம் ஒரு மணி நேரம் சொல்லவும் அவரால் முடியும், நாம் கேட்டால்.

அடக்கமானவர் என்று சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். இந்த சென்ட்டை 'ஃப்ரெஷ்', 'லைட்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் தவறவிடுவது அதன் முனையை. மாங்காயில் பால் இருக்கிறது, மறந்துவிடக் கூடாது. இவரிடமும் அது உண்டு. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். குரல் உயராது, ஆனால் சொன்னது புளிக்கும். பத்துப் பேர் தலையாட்டும் இடத்தில் தலையாட்டாமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியும். குறைவாகப் பேசுபவர்களில் இரண்டு வகை உண்டு. சொல்ல ஒன்றும் இல்லாததால் பேசாதவர்கள் ஒரு வகை. சொல்ல வேண்டியதைத் தேர்ந்தெடுத்துச் சொல்பவர்கள் இன்னொரு வகை. நீல் இரண்டாம் வகை.

வயது? என் கணக்கில் நாற்பதுக்கு மேல். காயின் வாசனை என்பதால் இளமையான சென்ட் என்று தோன்றலாம். ஆனால் ஆயிரம் பொருட்களை விட்டுவிட்டு இருநூறோடு நிறுத்திக்கொள்வது இளமையில் வருகிற புத்தி இல்லை. எலெனாவே 'ஃபர்ஸ்ட்' செய்தபோது முப்பதைத் தொடாதவர், நீல் செய்தபோது ஐம்பதுகளின் பின்பாதியில் இருந்தவர். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட ஆளின் வேலை இது. அத்தனைக்குப் பிறகும் பழுத்துக் கனிந்துபோகாமல், காயின் அந்தப் பல் கூசும் புளிப்பை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாரே, அதற்குத்தான் நான் தலைவணங்குகிறேன். வயதானால் சாந்தமாகிவிட வேண்டும் என்று நம்மிடம் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. முனை மழுங்காமலும் அமைதியாக இருக்கலாம் என்று இந்த சென்ட் சொல்கிறது.

ஆணுக்கா, பெண்ணுக்கா?

மேலே எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். அந்த ஆள் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

கடைகளில் ஆண்கள் அலமாரி, பெண்கள் அலமாரி என்று தனித்தனியாக இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டதால் வாசனைக்கே ஆண்பால், பெண்பால் உண்டு என்று நினைத்துவிடுகிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1709ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா குடும்பம் தொடங்கிய கொலோனை இருபாலரும் பூசினார்கள். நெப்போலியன் கொலோனைத் தண்ணீராகச் செலவழித்தவர். 1889ல் கெர்லான் வெளியிட்ட 'ஜிக்கி'யை ஆண்களும் பெண்களும் பூசினார்கள், அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1994ல் கால்வின் கிளைன் 'சிகே ஒன்' கொண்டுவந்தபோது பொது சென்ட் என்பது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் போலப் பேசப்பட்டது. உண்மையில் அது பழைய வழக்கத்துக்குத் திரும்பியதுதான்.

நம் ஊர் வழக்கமும் இதற்குச் சாட்சி. சந்தனத்துக்கும் ஜவ்வாதுக்கும் யாரும் ஆண், பெண் என்று பிரித்ததில்லை. ஐரோப்பாவில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய ரோஜாவை, இங்கே அத்தராக்கி ஆண்கள் காதோரம் தடவிக்கொண்டு தொழுகைக்குப் போகிறார்கள்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலும் அப்படித்தான். ஹெடியோன் என்று ஒரு மணப்பொருள். மல்லிகையின் மணத்தை ஆராயப் போய்க் கிடைத்தது. அதைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது 1966ல் டியோர் வெளியிட்ட 'ஓ சவாஜ்'. அது ஆண்களுக்கான சென்ட்! மல்லிகைப் பக்கத்திலிருந்து வந்த பொருள் ஆண்கள் அலமாரி வழியாகப் புகழடைந்து, பிறகு பெண்கள் சென்ட்டுகளுக்குள்ளும் போய்விட்டது. மூலக்கூறுக்கு எந்த அலமாரியும் தெரியாது.

மற்ற ஆட்கள்

பொது சென்ட் எல்லாம் இதே குணம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்.

மெசோன் ஃபிரான்சிஸ் குர்க்ஜியானின் 'பக்காரா ரூஜ் 540' இப்போது உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. பக்காரா கண்ணாடி நிறுவனத்தின் 250வது ஆண்டுக்காக உருவாகி, 2015ல் பொது விற்பனைக்கு வந்தது. குங்குமப்பூ, காய்ச்சிய சர்க்கரை, அம்பர். வாசலில் கார் வந்து நிற்கும்போதே வீடே எழுந்து நிற்கும் ஆள். நல்ல மனசுக்காரர், தாராளமானவர், ஆனால் அவர் இருக்கும்போது வேறு யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

லெ லாபோவின் 'சந்தால் 33', 2011. சந்தனம், தேவதாரு வகைக் கட்டை, ஏலக்காய், தோல் வாசனை. கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகம் ஞாபகம் வரும். ரசனை உள்ளவர், தன் ரசனை பிறருக்குத் தெரிய வேண்டும் என்றும் நினைப்பவர். டாம் ஃபோர்டின் 'ஊத் வுட்', 2007. இருட்டிய பின்தான் வெளியே வருவார். பேச்சு மெதுவாக, கம்பீரமாக இருக்கும்.

எலெனாவே செய்த இன்னொரு தோட்டம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2008ல் வந்த 'அன் ஜார்தான் அப்ரே லா மூசோன்', மழைக்காலத்துக்குப் பிந்தைய தோட்டம், கேரளத்தை வைத்துச் செய்தது. இஞ்சி, ஏலக்காய், கொத்தமல்லி விதை, மிளகு, வெட்டிவேர். இத்தனையையும் போட்டுவிட்டு, மசாலாக்கடை வாசனை துளியும் வராமல், மழை நின்ற பிற்பாடு ஈரம் சொட்டும் தோட்டமாக அதை மாற்றியிருக்கிறார். நீலைவிட இன்னும் ஒதுங்கி நிற்கும் ஆள். பழகுவதற்கு நாளாகும்.

குறைகளும் சொல்லவேண்டும்

நீல் ஓ டெ டாய்லெட் வகை, செறிவு குறைவு. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் நின்றால் நல்ல ஆயுள். காலையில் அடித்துக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும். கொடுத்த காசுக்கு நாள் முழுக்க நிற்க வேண்டும் என்பது உங்கள் அளவுகோல் என்றால் இதைத் தொடாதீர்கள். சின்ன ஸ்ப்ரே குப்பியில் கொஞ்சம் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் மறுபடி அடித்துக்கொள்வதுதான் வழி. தோல் உலர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் அடித்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

கிரேப்ஃப்ரூட்டின் கந்தகச் சாயல் சிலர் தோலில் வியர்வை நெடியாகத் திரும்பும். அது சென்ட்டின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஒத்துவரவில்லை, அவ்வளவே. வாங்குவதற்கு முன் தோலில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விலை? சம்பளம் வந்த அன்று யோசிக்காமல் வாங்கும் விலை இல்லை. முதலில் சில மில்லி சாம்பிள் வாங்கி வெயிலில், ஏசியில், மழைநாளில் என்று பூசிப் பாருங்கள். நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் பெரும்பாலும் போலிதான்.

ஆனால் 'நிற்கவில்லை' என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நமக்குத் தெரியாமல் போனது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம். நீல் பூசிய நாளில் என் மூக்குக்கு எல்லாம் முடிந்துபோனதாகத் தோன்றிய நேரத்தில்தான் தோழி ஒருத்தி கேட்டாள், "இங்க எங்கயாவது மாமரம் இருக்கா?"

என் தீர்ப்பு

விலையுயர்ந்த பொருள் என்றால் விலை வெளியே தெரிய வேண்டும் என்பது இன்றைய மனநிலை. சென்ட்டுகளும் அதற்கேற்ப வருடா வருடம் சத்தமாகிக்கொண்டே போகின்றன. இந்தச் சமயத்தில், இருபது வருடத்துக்கு முன் செய்த ஒரு மெல்லிய சென்ட் இன்னும் விற்பனையில் இருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல். எலெனா எர்மெஸை விட்டு விலகிவிட்டார், அவர் இடத்தில் கிறிஸ்தீன் நாஜெல் வந்துவிட்டார், தோட்டங்களின் வரிசையும் தொடர்கிறது. இருந்தாலும் அந்த வரிசையில் என் முதலிடம் நீலுக்குத்தான்.

பெரிய மால்களில் எர்மெஸ் வைத்திருக்கும் சென்ட் கடைக்குப் போனால் ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று தேடாமல் பச்சைப் பாட்டிலைக் கேளுங்கள். காகிதப் பட்டையில் முகர்ந்த கையோடு முடிவெடுக்க வேண்டாம். மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். சாயங்காலம் வரை அந்த ஆளோடு இருந்து பாருங்கள். அவர் துணை உங்களுக்குப் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம்.